நல்ல நேரம் வேறு, புனித காலம் வேறு

தினசரி காலண்டரில் தாளைக் கிழித்ததும் பல வீடுகளில் கண் முதலில் போவது தேதிக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்துக்குத்தான். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. புனிதமான நேரம் எது என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைத்தான் காட்டுவோம். நல்ல நேரம் என்றால் புனிதம், ராகு காலம் என்றால் அதற்கு எதிர்ப்பதம் என்று சிறுவயதிலிருந்தே மனதில் பதிந்துவிட்டது. மதங்களில் காலம் செய்யும் வேலை நமக்குப் பிடிபடாமல் போவது இந்தக் குழப்பத்தால்தான்.

மார்கழியை எடுத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது, பெண் பார்க்கக்கூடப் பல வீடுகளில் தைக்குத் தள்ளிவைப்பார்கள். அதே மாதத்தில்தான் கோயில் நடை விடியலுக்கு வெகு முன்பே திறக்கிறது. திருப்பாவையின் 30 பாசுரங்கள் நாளுக்கு ஒன்றாக ஒலிக்கின்றன. பனியில் உட்கார்ந்து வாசல் அடைக்கக் கோலம் போடுகிறார்கள். ஒரே மாதம் இவ்வளவு புனிதமாகவும் கல்யாணத்துக்கு ஆகாததாகவும் எப்படி இருக்கிறது?

இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். மற்றது பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு செம்பும் ஒரு மூலையும்

வீட்டில் சாமிக்கென்று ஒரு செம்பு இருக்கும். கடையில் வாங்கியபோது மற்ற பாத்திரங்களோடு வந்ததுதான். அதே பித்தளை, அதே விலை. ஆனால் அதில் யாரும் மோர் கலக்குவதில்லை. குழந்தை எடுத்துத் தண்ணீர் குடித்தால் "அது சாமி செம்பு" என்று வாங்கி வைப்போம். பூஜை அறையும் அப்படித்தான். மற்ற அறைகளுக்குப் போட்ட அதே செங்கல், அதே சிமென்ட். அங்கே நுழையும்போது மட்டும் காலில் செருப்பு இருக்காது.

செம்பின் உலோகத்தில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. அதை மற்ற வேலைகளிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எபிரேய மொழியில் ‘புனிதம்’ என்பதற்கான ‘கதோஷ்’ என்ற சொல்லுக்கே ‘தனியே ஒதுக்கப்பட்டது’ என்ற பொருள் உண்டு.

பொருளையும் இடத்தையும் ஒதுக்குவதுபோல மனிதர்கள் நேரத்தையும் ஒதுக்குகிறார்கள். அன்றாடக் காரியங்களிலிருந்து பிரித்து, கடவுளுக்கோ முன்னோருக்கோ ஒரு நினைவுக்கோ என்று ஒதுக்கி வைத்த நேரமே புனித காலம். அது ஒரு மணி நேரமாக இருக்கலாம், ஒரு நாளாக இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம்.

கடவுள் எப்போதும் இருக்கிறார் என்றால் தனியாக ஒரு நேரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கோயில் எதற்கு என்று கேட்டால் பெரியவர்கள் சொல்லும் உவமை இதற்கும் பொருந்தும்: பசுவின் உடம்பெல்லாம் ரத்தமாக ஓடுவதுதான் பாலாகிறது என்றாலும், கறக்க மடிக்குத்தானே போகிறோம்.

ராகு காலம் என்ன கேட்கிறது?

ராகு காலக் கணக்கு மிக எளிது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். உதயம் காலை 6 மணி, அஸ்தமனம் மாலை 6 மணி என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். முதல் பங்கு யாருக்கும் இல்லை. மீதி ஏழும் ஏழு கிழமைகளுக்கு. வரிசையை நினைவில் வைக்க ஒரு வாய்ப்பாடு உண்டு: "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா?" ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30.

இதை நம்புகிறோமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கணக்கு எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று பாருங்கள். கடை எப்போது திறக்கலாம், பத்திரம் எப்போது பதியலாம், வண்டி எப்போது எடுக்கலாம். காரியம் என்னுடையது. அது கைகூடுமா என்பதுதான் கேள்வி. நேரம் இங்கே எனக்கு ஒரு கருவி.

புனித காலம் கேட்பது வேறு: உன் காரியத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?

இப்போது மார்கழிக்குத் திரும்பலாம். மனிதர்களின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம் மரபுக் கணக்கு. தை முதல் ஆனி வரையிலான உத்தராயணம் அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரையிலான தட்சிணாயனம் இரவு. அந்த இரவின் கடைசிப் பகுதியான விடியல் வேளைதான் மார்கழி. ஆகவே அந்த மாதம் முழுதும் வழிபாட்டுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. சாமி செம்பில் மோர் கலக்காததற்கு என்ன காரணமோ, மார்கழியில் கல்யாணம் வைக்காததற்கும் அதேதான் காரணம். ‘பீடை மாதம்’ என்று சிலர் முகம் சுளிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது ‘பீடுடை மாதம்’, அதாவது பெருமை உடைய மாதம் என்பதன் திரிபு என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வரலாறு எப்படியோ, அந்த மாதத்தின் நடப்புக்கு இரண்டாவது பெயர்தான் பொருந்துகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். நல்ல நேரம் நம் காரியத்துக்காகத் தேர்ந்தெடுப்பது. புனித காலம் நம் காரியத்தை ஒதுக்கி வைப்பது. இரண்டும் சில நாள்களில் ஒன்றாக வரலாம், மார்கழியைப் போல எதிரெதிராகவும் வரலாம்.

காப்புக் கட்டியாச்சு

ஒதுக்குவது என்றால் எல்லை வேண்டும். நிலத்துக்கு வரப்பு கட்டலாம். நேரத்துக்கு எப்படி வரப்பு கட்டுவது?

அம்மன் கோயில் திருவிழா நடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு விடை தெரியும். பூசாரி கையில் மஞ்சள் துணியோ கயிறோ கட்டிக் காப்புக் கட்டிவிட்டால் ஊரின் நடப்பே மாறிவிடும். வெளியூர் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், ராத்தங்கக் கூடாது. கவிச்சி கிடையாது. பல ஊர்களில் அந்த நாள்களில் உரலில் மாவு இடிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைத்துத் தாளிக்க மாட்டார்கள். நேற்று வரை சாதாரணமாக இருந்த செவ்வாய்க்கிழமை, காப்புக் கட்டியதும் வேறு செவ்வாய்க்கிழமையாகிவிடுகிறது. "காப்புக் கட்டியாச்சு" என்ற ஒரு வார்த்தை போதும், சண்டை போட்டுக்கொண்டிருந்த பங்காளிகள்கூடக் குரலைத் தணிப்பார்கள். பெரிய கோயில்களில் இதே வேலையைக் கொடியேற்றம் செய்கிறது.

இப்படி ஒரு காலத்துக்குள் நுழைவதையும் அதிலிருந்து வெளியே வருவதையும் குறிக்கும் செயலை எல்லைச் சடங்கு என்று சொல்லலாம். எல்லைச் சடங்கு இல்லாத புனித காலம் எனக்குத் தெரிந்து எந்த மதத்திலும் இல்லை.

யூதர்களின் சபாத்து நாள் வெள்ளிக்கிழமை அஸ்தமனத்தில் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்போது முடிகிறது. வெள்ளி மாலை அஸ்தமனத்துக்குச் சற்று முன், பல ஊர்களில் 18 நிமிடம் முன்பு, வீட்டில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதற்குப் பிறகு நெருப்பு மூட்டக் கூடாது. உழுதல், நெய்தல், எழுதுதல், கட்டுதல், இடித்தல் என்று 39 வகை வேலைகள் அன்று விலக்கப்பட்டவை. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதைத் தண்டனை நாள் என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அது வாரத்திலேயே நல்ல சாப்பாடு, நல்ல உடை, பாட்டு, விருந்தாளி என்று இருக்கும் நாள். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தத் தடையும் நிற்காது என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது.

சபரிமலைக்கு மாலை போடுபவர் அந்த எல்லையைக் கழுத்திலேயே சுமக்கிறார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட கணத்திலிருந்து அவருடைய பெயரே போய்விடுகிறது. 41 நாள் விரதத்தில் பெட்டிக்கடைக்காரரும் மேலதிகாரியும் பெற்ற பிள்ளையும் அவரைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் எதிரில் வருபவரை அப்படித்தான் கூப்பிடுவார். காலம் மாறியதும் மனிதரே வேறாகிவிடுகிறார்.

ரமலானில் எல்லை ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வருகிறது. வைகறைக்கு முன் சஹர் உணவு முடிகிறது, மக்ரிப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கப்படுகிறது. பேரீச்சம்பழம் கையில் இருக்கும், நோன்புக் கஞ்சி முன்னால் ஆவி பறக்கும், பாங்கு ஒலிக்கும்வரை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். அந்தக் கடைசி இரண்டு நிமிட அமைதியில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்குப் புனித காலம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

கவனியுங்கள், எல்லா இடத்திலும் உணவும் தூக்கமும் உடையும் பேச்சும்தான் மாறுகின்றன. காலத்தைக் கையால் தொட முடியாது. அதனால் அதை உடம்பில் உணரவைக்கிறார்கள்.

இன்று மீனாட்சிக்குக் கல்யாணம்

ஒதுக்கி வைத்த நேரத்தில் என்ன நடக்கிறது? இந்த விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மதுரையில் நின்று பார்ப்பது நல்லது.

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். அன்று மதுரையில் யாரும் "மீனாட்சியின் திருமண நாள்" என்று சொல்வதில்லை. "இன்னைக்கு மீனாட்சிக்குக் கல்யாணம்" என்றுதான் சொல்கிறார்கள். வெறும் பேச்சோடு நிற்பதில்லை. கல்யாண விருந்து போடுகிறார்கள். வந்தவர்கள் மொய் எழுதுகிறார்கள். மீனாட்சி கழுத்தில் மங்கல நாண் ஏறும் வேளையில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்கிறார்கள். பழைய கல்யாணத்தை நினைத்துப் பார்க்க வந்த கூட்டம் மொய் எழுதுமா? நடக்கிற கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான் எழுதுவார்கள்.

பிறகு அழகர் வருகிறார். மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்பது கோயில் மரபு. மக்கள் சொல்லும் கதை வேறு: தங்கை கல்யாணத்துக்குச் சீரோடு புறப்பட்ட அண்ணன் வைகைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது, கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். ஒவ்வோர் ஆண்டும் அவர் தாமதமாகத்தான் வருகிறார். ஒவ்வோர் ஆண்டும் ஆற்றங்கரையில் லட்சக்கணக்கானோர் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டாவது சீக்கிரம் புறப்படலாமே என்று யாரும் கேட்பதில்லை. அது போன ஆண்டின் தாமதமும் இல்லை, அடுத்த ஆண்டின் தாமதமும் இல்லை. ஒரே தாமதம், அதற்குள் நாம் மறுபடி போய் நிற்கிறோம்.

இதை மீள்நிகழ்வு என்று சொல்லலாம். ஆதியில் ஒருமுறை நடந்ததாக நம்பப்படும் நிகழ்வு, சடங்கின் வழியாக இப்போது நடப்பதாக ஆவது. மதங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த ருமேனியரான மிர்ச்சா எலியாடே 20ஆம் நூற்றாண்டில் அழுத்திச் சொன்ன கருத்து இதுதான்: புனித காலம் திரும்பப் போகக்கூடிய காலம். கடிகார நேரம் போனால் போனதுதான். காலை 9 மணி ரயிலை விட்டவருக்கு அந்த 9 மணி மறுபடி கிடைக்காது. சூரசம்ஹாரத்தைப் போன ஆண்டு தவறவிட்டவருக்கு இந்த ஆண்டு அதே சூரன் அதே திருச்செந்தூர்க் கடற்கரையில் விழுவான்.

யூதர்களின் பஸ்கா விருந்திலும் இதைக் காணலாம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவை நினைத்து உண்ணும் விருந்து அது. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தானே எகிப்திலிருந்து வெளியேறியதாகக் கருத வேண்டும் என்பது அந்த இரவின் விதி. அடிமை வாழ்வின் கசப்பு நாக்கில் தெரிய வேண்டும் என்று கசப்புக் கீரை உண்கிறார்கள்.

மறுபடி ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். புனித காலத்துக்கு முதலில் ஓர் எல்லை வேண்டும், அது எல்லைச் சடங்கால் வருகிறது. உள்ளே ஒரு மீள்நிகழ்வு நடக்கிறது. வெறும் விடுமுறை நாளில் முதலாவது கொஞ்சம் இருக்கும், இரண்டாவது இருக்காது.

தேதியை வானம் குறிக்கிறது

இந்த நாள்களை நம் வசதிக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றால் பெரும்பாலும் முடிவதில்லை. அவை வானத்தைப் பார்த்து முடிவாகின்றன. பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளில் ஒன்றான திதி, சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் நேரம். அது 24 மணி நேரமாகவே இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஏகாதசி சில சமயம் நடுப்பகலில் தொடங்குகிறது.

இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஆகவே ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. கும்பகோணம் மகாமகம் குரு சிம்ம ராசியில் இருக்கும் மாசி மகத்தில் வருகிறது. குரு சூரியனை ஒருமுறை சுற்ற 12 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. 2004, 2016, அடுத்து 2028.

ஆனாலும் மனிதக் கை படாமல் இல்லை. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது என்றும், அதை அழகர் விழாவோடு சேரும்படி சித்திரைக்கு மாற்றியவர் 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்றும் மதுரையில் பரவலாகச் சொல்வார்கள். ஒருவர் மாற்றியது என்று தெரிந்த பிறகும் மொய் எழுதும் கை தயங்குவதில்லை.

தனியாக வைத்துக்கொள்ள முடியாதது

புனித காலம் எவ்வளவு வலுவானது என்பதை அதை அழிக்கப் பார்த்தவர்களிடம்தான் கற்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1793இல் ஏழு நாள் வாரத்தையே ஒழித்தார்கள். பத்து நாளுக்கு ஒரு வாரம், பத்தாம் நாள் ஓய்வு. ஞாயிறு என்ற ஒன்று இல்லாவிட்டால் பூசைக்கு யார் போவார்கள் என்பது எண்ணம். அந்த நாள்காட்டி 1805 முடியும்வரைதான் நின்றது.

சோவியத் அரசு 1929இல் செய்தது இன்னும் ஆழமானது. ஐந்து நாள் வாரம், தொழிலாளர்கள் ஐந்து பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நாளும் ஒரு நிறத்துக்கு மட்டும் ஓய்வு. ஆலை ஒருநாளும் நிற்காது, ஞாயிறும் காணாமல் போய்விடும். ஓய்வு எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், பிள்ளைக்கு இன்னொரு நாள். வீடு காலியாக இருக்கும்போது எதற்கு ஓய்வு என்று ஜனங்கள் நொந்தார்கள். 1931இல் ஆறு நாள் வாரமாக மாற்றி எல்லோருக்கும் பொது ஓய்வு நாள் கொடுத்தார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்துவிட்டன.

இன்று மென்பொருள் நிறுவனத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும், துபாயில் கட்டட வேலை செய்பவரும் இந்தக் கதையை உடனே புரிந்துகொள்வார்கள். தீபாவளிக்குப் பதிலாக வேறொரு நாள் விடுப்பு கொடுத்தால் அது ஈடாகாது. அந்த நாளின் உயிர், அதே நேரத்தில் மற்றவர்களும் அதற்குள் இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா நடக்கும்போது யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைக்க மாட்டார்கள். கடல் கடந்து கனடாவில் இருக்கும் பிள்ளைகளும் அந்த நாள்களில் மரக்கறிதான் உண்பதைப் பார்க்கலாம். கோயில் மணி அங்கே கேட்காது. காலம் கேட்கிறது.

விளக்கு வைக்கிற நேரம்

இதெல்லாம் திருவிழாவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அந்தி சாயும்போது வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் ஒன்று இருக்கிறதே. அப்போது வீடு பெருக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், யாராவது படுத்திருந்தால் எழுப்பிவிடுவார்கள், உப்பையும் பணத்தையும் கைமாற்ற மாட்டார்கள். பத்து நிமிடம்தான். ஆனால் எல்லை இருக்கிறது, ஒதுக்கல் இருக்கிறது.

கடவுள் பெயரே சொல்லப்படாத இடத்திலும் இது உண்டு. 2009இல் இலங்கையின் வன்னியில், போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலில் மக்கள் உயிர் பிடித்துக் கிடந்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியால். ஒவ்வொரு மே மாதமும் 18ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் அதே கஞ்சியைக் காய்ச்சி வழியில் போவோருக்கெல்லாம் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிப்பவர்களில் அப்போது பிறந்தே இராத பிள்ளைகளும் உண்டு. பஸ்கா இரவின் கசப்புக் கீரை செய்யும் வேலையைத்தான் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் செய்கிறது.

வெளியே வருவது

நுழைவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம், வெளியே வருவதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. கொடி ஏற்றினால் இறக்க வேண்டும். காப்புக் கட்டினால் மஞ்சள் நீராட்டு முடிந்து அவிழ்க்க வேண்டும். மாலை போட்டவர் மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய பிறகுதான் தன் பழைய பெயருக்குத் திரும்புகிறார். சபாத்து முடியும் இரவில் யூத வீடுகளில் கிராம்பும் பட்டையும் வைத்த ஒரு சிறு பெட்டியைக் கைக்குக் கை மாற்றி முகர்கிறார்கள். நாள் விடைபெறுவதால் வாடும் மனதுக்கு அந்த வாசனை ஆறுதல் என்பது நம்பிக்கை.

நவராத்திரி கொலு வைத்த வீட்டில் விஜயதசமி இரவு பாருங்கள். ஒன்பது நாளாக எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள், எத்தனை சுண்டல், எத்தனை பாட்டு. ஆரத்தி எடுத்தாகிவிட்டது. பொம்மைகளை உடனே பெட்டியில் வைக்க மாட்டார்கள். பாட்டி படியில் கைநீட்டி, ஏதாவது ஒரு பொம்மையை மட்டும் எடுத்து மெல்லப் படுக்க வைப்பார். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போவார்கள். பழைய துணியும் வைக்கோலும் மறுநாள்தான் பரணிலிருந்து இறங்கும்.